அக்காவுக்கு மட்டும் தனிக் கேள்விகள்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அதற்குத் தாசில்தார் கொடுத்த சான்றிதழே இருக்கிறது. ஆனால் வீட்டில் எல்லாரையும்விட எனக்குத்தான் அறிவு அதிகம் என்பது, சான்றிதழ் வருவதற்குப் பல வருஷம் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்த மோசடியைக் கண்டுபிடித்ததும் நான் ஒருத்திதான்.

அத்தை மகன் திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு எங்கள் ஊரான திருவரங்குளத்துக்கு வந்தபோது, ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். பச்சைக் கண்ணாடிபோல் இருந்த அதை, மிட்டாய் என்று நினைத்துத் தம்பி முதல் நாளே வாயில் போட்டுவிட்டான்.

ஆட்டத்தைக் கெடுக்கிறவர்களில் சில வகை உண்டு என்று அத்தான் சொல்லியிருந்தார். எதைக் கண்டாலும் வெட்டுகிறவன். கூட்டத்தோடு சேராமல் தனியாகப் போகிறவன். பிறத்தியார் ஆட்டத்தையும் தானே ஆடுகிறவன். எடுத்ததற்கெல்லாம் விதி பேசுகிறவன். இதைச் சொல்லிவிட்டு ஏனோ என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் மூன்று வகையையும் நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். நான்காவது வகை எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

வெட்டுகிறவன் தம்பி. கதையில் நாங்கள் நுழைந்த முதல் ஊரிலேயே, வழி சொன்ன டீக்கடைக்காரரை வெட்டிவிட்டான். தனியாகப் போகிறவள் அக்கா, பெரியப்பாவின் மகள். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தாள். ஆலங்குடிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறத்தியார் ஆட்டத்தை ஆடுகிறவர் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு விளையாட இஷ்டமே இல்லை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர், விடியலில் புதுக்கோட்டை மார்க்கெட்டில் காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்து மத்தியானம் படுத்துவிடுவார். ஆனால் அத்தானுக்கு அக்கா முறைப்பெண். இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து கதை பேசுவது பெரியப்பாவுக்கு உறுத்தியது. நிறுத்தச் சொன்னால் அத்தை கோபித்துக்கொள்வார். அதனால் சித்தப்பாவைக் காவலுக்கு ஏற்றிவிட்டார்.

வந்தவர் முதலில் முறையைத்தான் கேட்டார். "கதையில நான் இதுக்கு என்ன வேணும்?" என்று என்னைக் காட்டினார்.

"ஒண்ணும் வேணாம், மாமா. நீங்க வாள்வீரன், அது மந்திரவாதி. வழியில சந்திச்சுக்கிறீங்க" என்றார் அத்தான்.

"வழியில பாத்த பய கூட ஒரு பொம்பளப் புள்ள காட்டுக்குள்ள வருமா? எந்த ஊர்லடா?"

கடைசியில் கதைக்குள்ளும் அவர் எங்களுக்குச் சித்தப்பாவாகவே ஆனார். அதன்பிறகு எந்தக் குகைக்குள்ளும் எங்களால் நுழைய முடியவில்லை. "என் ஆளு வாசல்ல குறுக்க நிக்கிறான்" என்பார். அக்காவின் பாத்திரம் வில்லாளி. அவள் அம்பை எடுத்தாலே, "எங்கிட்டக் குடு ஆத்தா, நான் விடுறேன்" என்பார்.

சாப்பிடும்போது பெரியப்பா அவரை விசாரிப்பார். "மேல என்னடா நடக்குது?"

"வெளையாட்டுண்ணே. இன்னும் குகைக்குள்ளயே போகல."

பெரியப்பா நம்பியதாகத் தெரியவில்லை. நானும் நம்பவில்லை, வேறு காரணத்துக்காக. கதை ஒரு கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கோட்டையில் இருக்கிறவர்களுக்குக் கண் தெரியாதாம். உள்ளே போக வேண்டுமானால் வாசலில் நிற்கும் காவல்காரனைத் தாண்ட வேண்டுமாம். எங்களுக்கு ஒரு தடவை பகடை உருட்டினால் போதும். அக்காவுக்கு மட்டும் தினமும் கேள்வி, அதுவும் ஆங்கிலத்தில். உன்னைப் பற்றிச் சொல். ஏன் இங்கே வர விரும்புகிறாய்? கூட்டம் நெருக்குகிறது, பார்வை இல்லாத ஒரு பாட்டி உன்னைத் திட்டுகிறாள், என்ன செய்வாய்? அக்கா திக்கித் திக்கிச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் அத்தானே திருத்திக் கொடுத்து மறுபடியும் கேட்பார். பகடைக்கு வேலையே இல்லை.

எல்லாரும் தூங்கும் நேரத்தில் அந்தப் பகடையை எடுத்துப் படிக்கட்டில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். அது நேர்மையாகத்தான் விழுந்தது. அப்படியென்றால் கோளாறு ஆட்களிடம்.

நான் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வழியில் படிக்கிறவள். அக்கா ஊர் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். "அந்தக் கேள்விய எங்கிட்டக் கேளுங்க, ஒரே தடவையில சொல்றேன்" என்றேன்.

"ஒன் மந்திரவாதிக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார் அத்தான்.

அது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் அக்காவிடம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சித்தப்பாவையாவது நம்பியிருந்தேன். முதலில் அவரும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். "வாசல்ல நிக்கிறவன் ஒரு புள்ளகிட்ட இம்புட்டுக் கேப்பானா?" என்றார். பிறகு ஒருநாள் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்துவிட்டு, அவரே காவல்காரனை விசாரிக்க ஆரம்பித்தார்.

"உள்ள பொம்பளப் புள்ளைகளுக்குத் தனியாத் தங்குற எடம் இருக்கா?"

"இருக்கு, மாமா. வார்டன் உண்டு."

"வீட்டுக்குப் போன் பேச விடுவாங்களா?"

"தெனமும் விடுவாங்க."

"எத்தன வருசம்?"

"ரெண்டு. கத்துக்குடுத்து வேலையும் அங்கேயே குடுத்துருவாங்க."

சித்தப்பா அக்காவைப் பார்த்தார். அவள் பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "சரி. என் ஆளு வாசல விட்டு வெலகிக்கிறான்" என்றார் அவர்.

ராஜா காலத்துக் கோட்டைக்குள் போன் எப்படி வந்தது என்று நான் ஒருத்திதான் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. சித்தப்பாவையும் வளைத்துவிட்டார்கள். இனி நியாயம் கேட்கப் பெரியப்பா ஒருவர்தான் பாக்கி. சாட்சி வேண்டுமே என்று அக்காவின் பதில்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தேன். மனப்பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

ஒருநாள் மாடிக்குப் போனால் அக்காவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. வாசலில் குட்டியானையும் இல்லை. வராதவர்களின் ஆயுதங்களை வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் முறை என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா படியேறி வந்தார். அத்தான் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"எங்கடா அவ?"

"திருச்சிக்கு, மாமா. சின்ன மாமாதான் கூட்டிட்டுப் போயிருக்காரு. கண்ணாஸ்பத்திரியில இன்டர்வியூ. படிச்சுக்கிட்டே வேலை."

"யாரக் கேட்டு?"

பெரியப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. "போயி இழுத்துட்டு வாரேன்" என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். அந்தக் கண்ணில் அவருக்குப் பார்வை இல்லை. கழுத்தை முழுக்கத் திருப்பினால்தான் அங்கே நிற்கிற ஆள் தெரியும். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"ஒனக்கும் தெரியுமா இது?"

திருச்சி விஷயம் எனக்குத் தெரியாது. அது பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன். மோசடியைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"அக்காகிட்ட மட்டும் தனியாக் கேள்வி கேக்குறாங்க, பெரியப்பா. அதுலயும் அவ ஏமாத்துறா. அவ ஆளுக்குக் கதையில அப்பாவே கெடையாது. இவளா நம்ம வீட்டு விஷயத்தக் கொண்டாந்து சேத்துக்கிட்டா."

"என்ன சேத்தா?"

ஏன் இங்கே வர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு அக்கா சொன்ன பதிலை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். அத்தான் என்னைத் தடுக்கக் கையை நீட்டினார். பெரியப்பா அந்தக் கையை விலக்கினார்.

"தமிழ்ல சொல்லு."

சொன்னேன். "எங்க அப்பாவுக்கு ஒரு கண்ணு தெரியாது. வலின்னு சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். எங்க போறது, யாரப் பாக்குறதுன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியல. அவரு அதப் பத்திப் பேசவே மாட்டாரு. சாப்பிடும்போது நான் அந்தக் கண்ணுப் பக்கமா உக்காந்துக்குவேன். தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னு அவரு தடவக் கூடாதுல்ல."

பெரியப்பா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். கையிலிருந்த போன் அடித்தது. சித்தப்பாதான். காதில் வைத்து, "அவ சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டு வைத்தார். சாவி மறுபடியும் சட்டைப்பைக்குள் போனது.

"அத இங்கிலீஷ்ல இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

பெரியப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரிகூடப் புரியாது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்கா தப்பாகச் சொன்ன இடங்களையெல்லாம் சரிசெய்து, நல்ல உச்சரிப்போடு நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டார். என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பெரியப்பா பேச்சிழந்துபோய்விட்டார் என்று அன்று பொழுது சாயும்வரை அம்மாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.