கார்டு ஊரில் இருந்தது

அன்றைக்குக் காலையில் அந்தத் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, எங்களைச் சென்னைக்கு வேலைக்குக் கூட்டிவந்திருந்த மேஸ்திரி. நாலு பேர். என் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஐந்து. சேர்க்கலாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அதற்கு உயிர் இருந்ததா இல்லையா என்று பிறகு எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் திண்டிவனத்துப் பக்கத்து ஆட்கள். பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. எனக்கு எட்டாவது மாசம். கலவை தூக்குவதை விட்டுவிட்டு, பிரித்துப் போட்ட சென்ட்ரிங் பலகைகளில் ஆணி பிடுங்க உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் பாதிக் கூலி.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை. நான் சோறு தின்றதும் உதைக்கிற பிள்ளை அது. ராத்திரி தின்றேன், உதைக்கவில்லை. காலையில் டீ குடித்தேன், அப்போதும் இல்லை.

“ஏங்க, நேத்துலேந்து புள்ள அசையவே இல்லங்க.”

அவர் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பதில் சொன்னது அவருடைய அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

“ஆரம்பிச்சிட்டியா? போன வாரம் காலு வீங்கிக்கினு கீதுன்னு ஒரு நாள் கூலி போச்சு. அதுக்கு முந்தின வாரம் தலசுத்தல். இன்னிக்கு இதுவா? உன் வயித்துல இருக்கறது புள்ளயா, போலீசாடி? எந்நேரமும் ரோந்து சுத்திக்கினே இருக்கணுமா?”

மேஸ்திரி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. 

அண்ணி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பயந்தாங்கொள்ளி. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றதே பயத்தால்தான். பள்ளிக்கூடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் கண் முன்னால் ஒரு லாரி ஆட்டுக்குட்டியை அடித்துவிட்டுப் போன பிறகு என்னால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. ஒரு வாரம் இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன், அதோடு சரி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். அவர் சாரத்தில் ஏறினால் நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். இப்படி ஓயாமல் பயப்படுகிறவள் ஒரு நாள் நிஜமாகவே பயப்பட்டால் அதை யார் கண்டுபிடிப்பது? எனக்கே தெரியவில்லை. இதுவும் அந்த மாதிரிதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்துத் தளம் போடுகிற நாள். மேஸ்திரி கெட்டவர் இல்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

“கலவ எறங்க ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாதும்மா. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். அப்புறம் ரெண்டு பேரும் எங்க வேணா போய்ட்டு வாங்க. ஒருக்களிச்சுப் படு, இடது பக்கமா.”

அண்ணி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். வெளியே கலவை லாரி சுற்றுகிற சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. வயிற்றுக்குள் என்னவோ உருண்டது. பிள்ளைதான் என்று நினைத்தேன். வாயுவாக இருக்கும் என்று உடனே தோன்றியது. மறுபடியும் பிள்ளைதான் என்று நினைத்தேன். மத்தியானம் வரைக்கும் இதே வேலை.

படுத்திருந்தபோது ஒரு பெண்ணின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எங்கள் கட்டடத்தில் ஆறாவது மாடியில் வீடு வாங்கியிருந்தவள். இரண்டு வாரத்துக்கு முன் புருஷனோடு வீட்டைப் பார்க்க வந்தாள். என் வயிற்றைப் பார்த்ததும், “உங்களுக்கும் எட்டா?” என்று சிரித்தாள். அவளுக்கும் எட்டுதான், எனக்கு ஒரு வாரம் முன்னே பின்னே. நிழலில் நின்று கொஞ்ச நேரம் பேசினாள்.

“எனக்குப் பயம் ஜாஸ்திங்க. போன வாரம் கொஞ்ச நேரம் அசையலைன்னு உடனே போய் அட்மிட் ஆயிட்டேன். ஒண்ணுமே இல்ல. டாக்டர்கிட்ட சாரி சொன்னேன். அவங்க, சந்தேகம் வந்தா பத்து தடவகூட வா, அதுக்குத்தானே நான் இருக்கேன்னாங்க.”

அவளுக்கும் என்னைப் போலவே பயம். அவள் பயந்தபோது ஒரு கார் கிளம்பியிருக்கிறது. நான் பயந்தால் ஒரு நாள் கூலி போகும். படுத்துக்கொண்டு இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன்.

ஒரு மணி வாக்கில் அவர் வந்தார். முழங்கை வரைக்கும் சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், “கெளம்பு” என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்து நின்றோம். இடது பக்கம் போனால் இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்தில் கவர்மெண்ட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. மேல் மாடியிலிருந்து பார்த்தால் அதன் தண்ணீர் டேங்க் தெரியும். வலது பக்கம் ஊருக்குப் போகிற பஸ்.

“கார்டு எங்க?” என்று கேட்டார்.

“அம்மாகிட்ட.”

கர்ப்பத்தை ஊரில்தான் பதிந்திருந்தோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். பிரசவ உதவிப் பணமும் அந்த ஊர்க் கணக்கில்தான் வரும் என்றார்கள். ஊசி போட்டது, எடை பார்த்தது எல்லாம் அந்தக் கார்டில் எழுதியிருக்கும். தொலைந்துவிடப் போகிறதே என்று நான்தான் பயந்து, அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

“கார்டு இல்லாம போனா எந்த ஏரியான்னு கேப்பாங்க. நம்மளுக்கு இங்க இன்னா அட்ரஸு கீது? க்யூவுல நிக்க வெச்சு, ஊர்ல போய்ப் பாரும்மான்னு அனுப்பிடுவாங்க. அதுக்கு இப்பவே ஊருக்குப் போயிட்டா ஜல்தியா ஆவும்.”

அது எனக்குச் சரியாகவே பட்டது. சிலிண்டர் வாங்கப் போனபோதும், பேங்கில் கணக்குத் திறக்கப் போனபோதும் அப்படித்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் போய் நாங்கள் கேட்டுப் பார்க்கவே இல்லை. வலது பக்கம் திரும்பி நடந்தோம்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம். சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது அவர் ஜன்னல் வழியாக வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கினார். “தின்னு. எதுனா தின்னா அசையும்னு சொன்னல்ல.” ஒன்று விடாமல் தின்றேன். ஒவ்வொரு பருப்புக்கும் அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

போனில் சொல்லியிருந்ததால், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அம்மா கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து, கார்டு போட்டுக் கொடுத்த எங்கள் ஊர்ப் பக்கத்து நர்சம்மா இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்சம்மா கார்டைக் கேட்கவே இல்லை. நேராகப் படுக்க வைத்து வயிற்றில் பசையைத் தடவி, துடிப்புக் கேட்கிற சின்ன மிஷினை வைத்தார். டக் டக்கென்று சத்தம் வந்தது.

“கேக்குதும்மா!” என்று கத்தினேன்.

நர்சம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். “இது உன்னுதும்மா” என்றார்.

மிஷினை நகர்த்தி நகர்த்தி வைத்தார். பிறகு வெளியே போய் நூற்றெட்டுக்குப் போன் செய்தார். விழுப்புரத்துக்கு ஆம்புலன்சில் போகும்போது அம்மா மடியில் அந்தக் கவர் இருந்தது. அதைப் பிடுங்கி ரோட்டில் எறிய வேண்டும்போல இருந்தது.

விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பவில்லை. என் ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார். கால் எப்போதிலிருந்து வீங்கியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அப்புறம்தான் என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு இரண்டு பேரிடமும் சொன்னார்.

அவர் சுவரைப் பார்த்தபடி, “கார்டு இருந்திருந்தா அங்கியே பாத்திருப்போம் மேடம்” என்றார்.

“கார்டு இல்லன்னா பாக்க மாட்டாங்கன்னு யாருங்க சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம்.”

“பின்ன?”

அவர் கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். “அங்க போயிருந்தாலும் பொழச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. முந்தின நாளே உசுரு போயிருக்கலாம். ரெண்டு பேரும் அத நெனச்சு அடிச்சிக்காதீங்க.” எங்கள் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதனால்தான் தூக்கம் போனது. முந்தின நாளா, சர்க்கரைத் தண்ணீர் குடித்தபோதா, கேட்டில் நின்றபோதா, மல்லாட்டை தின்றபோதா? பிள்ளை போன நேரத்தைத் தினம் ஒரு இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் மத்தியானம் பிறந்தாள். தலை நிறைய முடி. நகம்கூட வளர்ந்திருந்தது. அடக்கம் செய்யப் பெண்கள் போகக் கூடாது என்றார்கள். அண்ணி கேட்கவில்லை. சென்னையிலிருந்து வந்த கையோடு தம்பியுடன் நடந்து போய், இருந்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. ரவிக்கை நனைந்து, மார்பு கல்லாக இறுகியது. அண்ணி திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போய் நான்கு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். பூவைப் பார்த்து நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“தலைக்கு இல்லடி. மார்ல வெச்சுக் கட்டினா பாலு வத்தும்” என்று சொல்லி, அவரே கட்டிவிட்டார். கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் போலீஸ் பேச்சைப் பற்றி அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொன்னதில்லை.

கட்டடம் முடிந்ததும் ஆறாவது மாடிக்காரி குழந்தையோடு பால் காய்ச்சிக் குடி வந்தாள் என்று வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போனில் சொன்னார். என்ன குழந்தை என்று நான் கேட்கவில்லை. நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

இப்போது மறுபடியும் எனக்கு ஏழாவது மாசம். இந்த முறை சென்னைக்குப் போகவில்லை, அவர் மட்டும் போயிருக்கிறார். அண்ணி எனக்காக ஊரிலேயே தங்கி, மல்லாட்டை பிடுங்கவும் களை எடுக்கவும் போகிறார். எனக்குப் பயம் வந்தால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று கட்டளை. இதுவரை ஆறு முறை சொன்னேன். ஆறு முறையும் ஆட்டோ வைத்துத் திண்டிவனம் போனோம். ஆஸ்பத்திரி நேரம் முடிந்துபோன இரண்டு நாள் வெளியே காசு கொடுத்து ஸ்கேன் எடுத்தோம். ஆறு முறையும் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் ஆட்டோ வந்து நின்ற பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. “அண்ணி, அசையுது. கொஞ்சம் மெதுவா, அவ்ளோதான். வீணா உங்க காசு போவுது.”

“அது கெடக்குது. உனுக்குப் பயமா கீதா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“கீது அண்ணி.”

“அப்ப ஏறு.”

அவர் எங்கேயும் கணக்கு எழுதி வைப்பதில்லை. எனக்கு வைக்காமல் இருக்க முடியாது. ஆட்டோவுக்கு ஆறு நானூறு, ஸ்கேனுக்கு இரண்டு தொள்ளாயிரம். வீட்டுக்காரர் அனுப்பியதில் ஐநூறு கொடுத்தேன், முறைத்துக்கொண்டே வாங்கினார். இன்னும் அண்ணிக்குத் தர வேண்டியது மூவாயிரத்து எழுநூறு ரூபாய்.