சம்பந்தியம்மாள் கேட்ட தில்லைக் கொத்து

என் மகளின் மாமியார் அண்ணாகிராமத்துக்காரர். பலாவும் முந்திரியும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் காய்க்கும் என்பது போலப் பேசுவார். சுனாமி வந்த மூன்றாம் வருஷம், சிதம்பரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பூஜையில் வைக்கத் தில்லை மரத்தில் ஒரு கொத்து வேண்டுமாம். தில்லை என்று பேர் வைத்த ஊருக்குள் அந்த மரம் ஏது? பிச்சாவரம் காட்டுக்குத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் அங்கே படகு தள்ளுகிறவர். எனக்கும் எழுத்தைவிட மரம் நன்றாகத் தெரியும்.

தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பலாப்பால்லயே பொழங்குற கை, சம்மந்தி. நல்லெண்ண தடவிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று மினுமினுக்கும் கைகளை நீட்டினார்.

அவர் கண்ணுக்கு ஏதாவது ஆனால், அந்த வீட்டில் என் மகள் ஆயுசுக்கும் பேச்சு வாங்குவாள். அதனால் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தேன். காட்டுக்குள் போனதும் படகை ஒரு சுரபுன்னை மரத்தருகில் நிறுத்தச் சொல்லி, இதுதான் தில்லை என்று கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். பிறகு ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"பாலு எங்க?"

என் வீட்டுக்காரர் துடுப்பைப் பார்த்துச் சிரித்தார். பலாக்காரியை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

வேறு வழியில்லாமல் மெய்யான தில்லைக்கே போனோம். கரையோரம் நின்றது, முற்றிய இலைகள் சிவந்திருந்தன. நான் வாய் திறப்பதற்குள் அம்மாள் கொத்தை ஒடித்துவிட்டார். எண்ணெய்க் கை முழுக்க வெள்ளைப் பால் வழிந்தது. உச்சி வெயில், நெற்றியில் வேர்வை. துடைக்கக் கை மேலே போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எறக்குங்க. கண்ண தொட்டீங்கன்னா அப்புறம் சாமிய காதாலதான் பாக்கணும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சேறு போட்டுத் தேய்த்துக் கழுவியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொத்தைத் துணியால் பிடித்துப் பையில் கட்டினேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரச் சொன்னேன். என் முந்தானையால் அவர் வேர்வையை ஒற்றினேன், கலைந்த முடியை ஒதுக்கினேன். பசிக்கிறது என்றதும், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை உருட்டி ஊட்டினேன். என் பெண்ணுக்குக்கூட அத்தனை பொறுமையாக ஊட்டியதில்லை.

நாலு வாய் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஐந்தாவது வாயில்தான் பழைய அம்மாள் திரும்பி வந்தார்.

"உப்பு கம்மி, சம்மந்தி."

கண் தப்பித்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி. அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே உருட்டி, பேச முடியாதபடி வாயில் வைத்தேன்.