வண்டிக்கு இன்னொரு கதவு

எங்கள் வேனுக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. இடது பக்கக் கதவை மட்டும்தான் திறப்போம். வலது பக்கக் கதவு பூட்டியே கிடக்கும். "தொறக்காத கதவ எதுக்கு வச்சீக?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். பூட்டுக்கு ஒன்றும் இல்லை, மாதம் ஒருமுறை நானே எண்ணெய் விடுகிறேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பாதிக்கு மேல் ஃபோர்மேனாக. என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. காலையில் ஊர் விலக்கில் கம்பெனி வேன் வந்து நிற்கும். பதினைந்து பேர் உட்காருகிற வண்டியில் முப்பது பேர் ஏறுவோம். மடியில் ஒருத்தி, அவள் மடியில் தூக்குவாளி. சாயந்திரம் கிளம்பும் முன் தலையை எண்ணுவது என் வேலை. எண்ணிக்கை சரியாக வந்தால்தான் வண்டியை எடுக்கச் சொல்வேன். அப்படி நெருக்கியடித்துத் திரும்பிய ஒரு நாளில்தான் அவள் சொன்னாள்: "ஒரு நாளாச்சும் வேன்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போகணும்."

ஓய்வு பெற்றதும் எனக்கு அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. ஒரு வேன் எடுத்து, உள்ளே கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, கடலோரமாகவே இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய்வருவது என்று முடிவெடுத்தேன். இங்கிருந்து நாலு மணி நேரத் தூரத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அதன் முதலாளி தங்கமான மனிதர். ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு வந்தது.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. தினமும் காலை எட்டு மணிக்கு, கம்பெனியில் ஆஜர் எடுப்பதுபோல, பட்டறைக்குப் போன் போடுவேன். பிளைவுட் வரவில்லை என்பார். ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்பார். "எல்லாம் சாக்குப் போக்கு" என்று கத்துவேன். அந்த மனிதரும் சளைக்காமல், "ஆயிருமுங்ணா, ஆயிருமுங்க" என்பார். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருப்பாள். "ஊர்ல அவனவன் மூச்சு விட முடியாமக் கெடக்கான். இவுகளுக்குக் கட்டில் வச்ச வண்டி கேக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "உசுரோட இருக்கம்ல, அது போதும். வண்டி வரும்போது வரட்டும்." அவள் சொன்னது புரிந்துதான் இருந்தது. ஆனாலும் மறுநாள் எட்டு மணிக்குக் கை தானாகப் போனை எடுக்கும்.

முதல் அலை அடங்கியபின் ஒருவழியாக வண்டி தயார் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். கட்டில் கச்சிதம். ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தார்கள். நான் உள்ளே ஏறினேன், ஏறிய வேகத்தில் இறங்கினேன்.

"இன்னொரு கதவு எங்க?"

"வேனுக்கு ஒரு கதவுதானுங்க அண்ணா."

"ஒரு கதவு இருக்குற ரூம்ல என் பொண்டாட்டிய நான் ஏத்த மாட்டேன். எதுத்தாப்புல இன்னொண்ணு வெட்டுங்க. வெளிப்பக்கமாத் தொறக்கணும்."

அவர் சிரித்தார். பட்டாசு கம்பெனிக்காரன் புத்தி என்று நினைத்திருப்பார். பாதி உண்மை. எங்கள் ஆட்கள் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பந்தியைப் பார்க்கும் முன் கதவைத்தான் பார்ப்போம். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, எதிரெதிரே கதவு இருக்க வேண்டும், கதவை எதுவும் மறைக்கக் கூடாது. இது எங்களுக்கு மனப்பாடம்.

மீதி உண்மையை நான் அவரிடம் சொல்லவில்லை. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தீபாவளி சீசனில் லோடு ஏற்ற லாரி வரவில்லை. சரக்கை வைக்க இடம் இல்லை. அட்டைப்பெட்டிகளை ஒரு ரூமின் பின்கதவை ஒட்டி அடுக்கச் சொன்னேன். அரை நாள்தானே என்று நினைத்தேன். அந்த ரூமில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. உள்ளே நாலு பெண்கள். முன்கதவு ஓரம் இருந்த இரண்டு பேர் வெளியே விழுந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. பின்கதவு ஓரம் இருந்த இரண்டு பேர் வரவில்லை. அன்று சாயந்திரம் வேன் பக்கத்தில் நின்று நான் தலையை எண்ணினேன். இரண்டு குறைந்தது. திரும்ப எண்ணினேன். டிரைவர் என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். பெட்டிகளை அங்கே அடுக்கச் சொன்னது யார் என்பது என் மனைவிக்குத் தெரியும். அவள் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இரண்டு வாரத்தில் கதவு வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். அவர் கையிலிருந்த வேலைகள் முடிவதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. தகட்டை வெட்ட ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும். பட்டறைகளுக்கு வருகிற சிலிண்டர் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. "சிலிண்டர் கெடைக்கிறதில்லீங்ணா, கொஞ்சம் பொறுங்க" என்றார். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. "ஊருக்கெல்லாம் சிலிண்டர் இருக்கு, எனக்கு ஒண்ணு இல்லையா? ஒரு சிலிண்டர்ல என்ன குடி முழுகிப்போகுது? எங்கனயாவது பாத்து வாங்குங்க" என்று சத்தம் போட்டேன். அந்த வாக்கியத்தை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். மறக்க முயன்று பார்த்தாகிவிட்டது.

பத்து நாள் கழித்து என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் மூக்கும் வாயும் மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் என்னைப்போல ஒரு கூட்டம். அன்று காலை சிலிண்டர் லாரி வர நேரமாகிவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. ஒருவரும் உட்காரவில்லை. எல்லாரும் கேட்டைப் பார்த்து நின்றோம். மல்லாங்கிணறு ஆள் ஒருத்தர், நாலு ஏக்கர் கரிசல்காட்டுக்காரர், முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பட்டறைக்காரர். குரலில் அத்தனை உற்சாகம்.

"அண்ணா, இந்தக் காலத்துல யாரும் செய்ய மாட்டாங்க. உங்க கோவத்துக்குப் பயந்து ஒரு சிலிண்டர ஆஸ்பத்திரிக்கு எடுக்க வந்தவங்களுக்குக் காட்டாம வச்சுக்கிட்டேனுங்க. இன்னிக்குக் காலைல கதவ வெட்டியாச்சு. நேராத் தெறக்குது, நேரா மூடுது!"

போனை வைத்தேன். அந்த நிமிடம்தான் கேட்டுக்குள் லாரி நுழைந்தது. கூட்டம் முழுக்க அழுதுகொண்டே வழிவிட்டது. எங்களுக்கு வந்துவிட்டது. பட்டறை இருந்த ஊரிலும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அதன் வாசலிலும் ஒரு மரம் இருந்திருக்கும், கேட்டைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் நின்றிருப்பார்கள். அந்த மரத்தடிக்கு வர வேண்டிய ஒன்றை நான் வரவிடவில்லை. யாருக்குக் குறைந்தது, குறையத்தான் செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் பிழைத்து வீடு வந்தாள். வண்டியும் வந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் தேறி, படியேறும் தெம்பு வந்ததும் வேம்பார் கடற்கரைக்கு முதல் பயணம் போனோம். போகும் வழியெல்லாம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தாள். சாத்தூர் தாண்டியதும் சின்னப்பிள்ளைபோலச் சிரித்தாள். கரையில் வண்டியை நிறுத்திவிட்டு வலது பக்கக் கதவைத் திறந்தேன். கடற்காற்று குப்பென்று உள்ளே வந்தது. கண்ணை மூடி அதை வாங்கினாள்.

"நல்ல காத்து. இந்தக் கதவ எப்ப வெட்டுனாக?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சிலிண்டர், போன், லாரி எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகளைப் பற்றியும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததையே முதல்முறையாக என் வாயால் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அந்தக் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

"பூட்டிருங்க" என்றாள். "இது யாரு காத்தோ."

பூட்டினேன். அதற்குமேல் அவள் ஏசவும் இல்லை, அழவும் இல்லை. தலையை இடது பக்கக் கதவை நோக்கி வைத்துப் படுத்துக்கொண்டாள்.

இப்போதும் போகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளே கேட்பாள். ஆனால் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் நான் திரும்பிப் பார்த்துத் தலையை எண்ணுகிறேன். என்னையும் சேர்த்து இரண்டுதான் வரும். மறுபடி எண்ணுவேன். சாவியில் கை இருக்கும், திருக மனம் வராது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்வாள்:

"அம்புட்டுப் பேருதான். எடுங்க."