சூடு பார்க்கும் நாக்கு

ரோச்சுக்குப் பாரிசவாயு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில். சங்கு குளித்துவிட்டு வள்ளத்தில் ஏறியவர், கயிற்றைப் பிடித்தபடியே சாய்ந்தார். வலப்பக்கம் முழுக்கப் போயிற்று; பேச்சும் போயிற்று. அன்றிலிருந்து அவருடைய கையும் காலும் பெண்டாட்டி இஞ்ஞாசியம்மாள்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்பு நடந்தது. ஆறிவிட்டது என்று நினைத்துக் கஞ்சியைப் புகட்டினாள். மேலே ஆடை கட்டி ஆறியிருந்தது, அடியில் கொதி. அவருக்கு வாயில் உணர்ச்சி கிடையாது, விழுங்கிவிட்டார். சாயங்காலம் பார்த்தால் உள்நாக்குவரை கொப்புளம். அதற்கப்புறம் தன் நாக்கில் சூடு பார்க்காமல் அவள் ஒரு கரண்டியும் கொடுத்ததில்லை.

கோயில் சட்டம் வேறு. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது. ரோச்சோ விடியுமுன்னே பசித்து முனகுவார். வயிறு நிறையாமல் விட்டுப் போனால், காவலுக்கு உட்காரும் பக்கத்து வீட்டு விக்டோரியாவால் சமாளிக்க முடியாது. ஆகவே முதலில் கஞ்சி, பிறகு பூசை; கஞ்சி பட்ட நாக்கில் நன்மை வாங்க முடியாது. எல்லோரும் நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் முழங்கால் போடும்போது இவள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். வருசத்துக்கு ஒரு முறை, ஈஸ்டரை ஒட்டிய பாஸ்காக் காலத்திலாவது வாங்கியே ஆகவேண்டும். அதுவும் இரண்டு வருசம் தவறிவிட்டது.

நாற்பத்துநாலில், பாஸ்காக் கெடு முடிகிற ஞாயிற்றுக்கு முந்தின நாள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போனாள்.

"உன் நெஞ்சு ஆண்டவர் தங்குற வீடு. ரெண்டு வருசமா அடைச்சே போட்டிருக்கியே," என்றார் சாமி.

"அடைக்கல, சாமி. கஞ்சி வழிய மறிக்கி."

"சட்டம் நான் போட்டதில்லம்மா. நாளைக்கு ஒரு நாள் கையில சூடு பாரு."

விடியுமுன்னே எழுந்து குசினியில் கஞ்சி காய்ச்சினாள். ஒரு துணியை எடுத்து வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்னளா, கொள்ளையடிக்கவா போற?" என்றாள் விக்டோரியா. "நா வேணா ஊட்டுதேன்."

"போன தடவ நீ ஊட்டித்தான் அவருக்குப் பொரையேறிச்சு. சும்மா இரு."

கஞ்சியை அடிவரை கலக்கினாள், ஆற்றினாள், புறங்கையில் ஊற்றிப் பார்த்தாள். தலையணையை உயர்த்தி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் கரண்டியை வைத்தாள். கடைசிக் கரண்டிவரை சரியாக இறங்கிற்று. துணியை அவிழ்த்தாள். அவர் உதட்டோரம் கொஞ்சம் கஞ்சி ஒழுகியிருந்தது. விரலால் வழித்தாள்.

அது ரேஷன் அரிசிக் காலம். ஒரு பருக்கையைக் கீழே போட்டறியாத கை. விரல் தானாக வாய்க்குப் போயிற்று. உப்பு தொண்டையில் இறங்கிய பிறகுதான் செய்தது உறைத்தது.



"நா பாக்கல," என்றாள் விக்டோரியா.

"நீ பாக்காட்டி என்ன? நெஞ்சுக்குள்ள வாரவருக்குத் தெரியும்லா."

பூசைக்குப் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பி வந்து ரோச்சைப் புரட்டிப் போட்டாள்.

அந்த ஐப்பசியில் ரோச் இறந்தார். முதுகில் ஒரு புண் இல்லாமல் போனார். இரண்டு வருசத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தவருக்கு அது சின்னக் காரியம் இல்லை.

அடுத்த பாஸ்காவுக்கு எந்தத் தடையும் இல்லை. நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தொடாமல் இருந்தாள். பட்டினி கிடப்பது இத்தனை சுளுவா என்றிருந்தது. கிராதியில் முழங்கால் போட்டு நாக்கை நீட்டினாள். சாமி நன்மையை வைத்தார்.

நாக்கு வழக்கப்படி சூடு பார்த்தது. சூடும் இல்லை, உப்பும் இல்லை. கரைந்து இறங்கிற்று.

கண்ணை மூடிக் காத்திருந்தாள். ரோச்சுக்கு வேண்டுமென்றால் முனகுவார், இடக்கையால் கட்டிலைத் தட்டுவார். உள்ளே வந்தவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்குச் செய்ய என்ன இருக்கிறது என்று இஞ்ஞாசியம்மாளுக்குத் தெரியவும் இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் எழுந்ததும் அவளும் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டாள். முதல் கரண்டியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சரியான சூடுதான். காலிக் கட்டில் பக்கம் நீண்ட கரண்டி கையிலேயே இருந்தது.