ஓடைக்கு அளவெடுத்த தையல்காரர்

ஜூலை ஏழாம் தேதி, ஞாயிறு, காலை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, தம் வீட்டுப் பின்புறத்து ஓடைக்குள் தையல்காரர் நிற்கிறார். கழுத்தில் அளவு நாடா, காதிடுக்கில் சாக்கட்டி. அன்று அவர் எடுத்த அளவுகள் இவை: பாறையிடுக்கிலிருந்து துவைகல் வரை நீர் இறங்கும் உயரம், ஐந்நூற்று நான்கு அங்குலம். வகுத்துப் பார்த்தால் நாற்பத்திரண்டு அடி. ஆனால் அங்குலத்துக்கு மேற்பட்ட அளவுகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இருபது லிட்டர் வாளி நிரம்ப ஆகும் நேரம், ஐந்து விநாடி.

சரிவுப் பாதையில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன டெய்லரே, தண்ணிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"இடுப்பு எடுத்துட்டேன். கை எங்க இருக்குன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்."

இதை அவர் உதடுகளுக்கிடையே நான்கு திருகாணிகளைக் கவ்விக்கொண்டே சொன்னார். முப்பது ஆண்டுகளாகக் குண்டூசிகளைக் கவ்விப் பேசிப் பழகிய வாய். எதைக் கவ்வினாலும் அவருடைய ஒரு சொல்கூடச் சிதைவதில்லை. வாய் காலியாக இருக்கும்போதுதான் சற்றுத் தடுமாறுவார்.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, சுவர் நெடுகப் பள்ளிச் சீருடைகள். வளரும் பிள்ளைகளுக்குத் தைப்பதில் அவருக்குத் தனிப் பெயர் உண்டு. எந்தக் கால்சட்டையை அவிழ்த்துப் பார்த்தாலும் உள்மடிப்பில் இரண்டு அங்குலம் துணி பத்திரமாக இருக்கும். அடுத்த ஆண்டு அதே கால்சட்டை திரும்பி வரும். அவர் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தருவார். கோடு போட்ட இடத்தில் அவர் கத்தரி ஒருநாளும் ஓடியதில்லை. "பெருசா இருந்தா பிடிச்சுக்கலாம். சின்னதாப் போச்சுன்னா யார்கிட்டப் போய் அழறது?" என்பார். நாள் விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. புதன்கிழமை தருவதாகச் சொன்னதை வெள்ளிக்கிழமைக்கு முன் அவர் தந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பின்னறை மனைவியின் தொழிற்கூடம். அங்கே அலமாரி உயரத்துக்கு, குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று நிற்கிறது. அறுபது முட்டைகளை அடை வைத்தால் மூன்று வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிப்போவார்கள். பெட்டிக்குள் வெப்பம் முப்பத்தேழரை பாகையில் நிற்க வேண்டும். அதற்கு ஓயாத மின்சாரம் வேண்டும். இந்தச் சரிவிலோ, மழை வலுத்தால் ஏதேனும் ஒரு கிளை கம்பிமேல் விழும். கம்பத்து மின்சாரம் போனால் இரண்டு நாளோ மூன்று நாளோ, சொல்வதற்கில்லை. போன மழையில் இருமுறை முட்டைகள் அத்தனையும் குளிர்ந்து வீணாயின.

அதன்பிறகுதான் மனைவி பேச்செடுத்தார். "ஏங்க, வர்ற மழையிலயும் இப்படியாச்சுன்னா பொட்டியத் தூக்கிக்கிட்டு டவுன்ல தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். மழை விடற வரைக்கும் அங்கதான். கோவத்துல சொல்லல. என் பொழப்ப நான் பாக்கணும்ல?"

தையல்காரர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் இல்லை என்பதை மனைவிதான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

மழையில் மின்சாரம் போகிறது. அதே மழையில் ஓடை பெருகுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. பழைய சலவை இயந்திரம் ஒன்றின் மோட்டாரைக் கழற்றி வந்தார். அதைச் சுற்றவைக்க ஒரு சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் நீரை வாங்கிக்கொள்ள, காம்பு நறுக்கிய எவர்சில்வர் குழிக்கரண்டிகள். மேலே பாறையிடுக்கிலிருந்து வளையும் கருப்புக் குழாயில் நீர் இறங்கிக் கரண்டிகளில் மோத வேண்டும். பிறக்கும் மின்சாரம் பேட்டரியில் சேர்ந்து பெட்டிக்குப் போக வேண்டும். திட்டத்தில் குறையில்லை. சமையலறையில்தான் குறை.

"கரண்டியெல்லாம் சக்கரத்துக்குப் போயிடுச்சு. இனிமே கையாலதான் அள்ளி வைக்கணும்" என்றார் மனைவி, சாப்பிட வந்திருந்த தம்பியிடம்.

தம்பிக்கு டவுனில் மின்சாதனக் கடை. தம் கடையைத் தவிர வேறெங்கும் மின்சாரம் பிறக்க முடியும் என்பதை அவர் ஏற்பதில்லை. "மாமா, இதுல லைட் எரிஞ்சா என் மீசைய எடுத்துக்கிறேன்."

"எடுக்க வேணாம் மச்சான். ரெண்டு பக்கமும் ஏத்த இறக்கமா இருக்கு. வாங்க, அளவு பாத்துச் சரி பண்ணித் தர்றேன்."

ஆகஸ்ட் இறுதியில் சக்கரம் சுழன்றது. விளக்கு எரிந்தது, ஆனால் பழுத்த எலுமிச்சை நிறத்தில். ஓடையில் நீர் குறைவு என்று தையல்காரர் விளக்கம் சொன்னார். தம்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி மழை இறங்கியது. காலை ஒன்பது மணிக்குக் கம்பத்து மின்சாரம் நின்றது. பெட்டியில் அறுபது முட்டைகள், பொரிக்க இன்னும் நான்கு நாள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பேட்டரிப் பக்கம் மாட்டினார் தையல்காரர். ஓடை இரைச்சலோடு ஓடியது. சக்கரமோ ஆகஸ்டில் சுழன்ற அதே சோம்பலோடு சுழன்றது. பேட்டரியில் ஏறுவதைவிட இறங்குவது அதிகம். நண்பகலில் பெட்டியின் வெப்பமானி முப்பத்தாறைக் காட்டியது. சற்று நேரத்தில் முப்பத்தைந்து. டவுனிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்து, "அக்கா, வண்டிய அனுப்பவா?" என்றார். "கொஞ்சம் பொறு" என்று மனைவி வைத்துவிட்டார்.

தண்ணீர் குறைவு என்ற விளக்கம் இனிச் செல்லாது. தையல்காரர் கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்; மேலே குழாய் வாயில் கட்டியிருந்த வலையில் சேர்ந்த இலைகளை வாரினார்; மறுபடியும் கரண்டிகளுக்கே வந்தார். அவர் வாயில் திருகாணி ஏதும் இல்லை. "எங்க... எங்கன்னு..." என்பதற்குமேல் பேச்சு வரவில்லை.

மனைவி குடையோடு குழாயை ஒட்டியே மேலே ஏறினார். பாறையிடுக்குக்குச் சற்றுக் கீழே நின்றார்.

"ஏங்க, இங்க வாங்க. இது ஏன் ஒட்டகம் மாதிரி முதுகத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

அந்த இடத்தில் குழாய் நேராக இறங்கவில்லை. ஒரு பாறையின்மேல் வளைந்து ஏறி, மீண்டும் கீழே வந்தது. கம்பியால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

"அது... மடிப்புக்கு விட்டது."

"மடிப்புக்கா?"

"பின்னால தேவைப்பட்டா இழுத்து விட்டுக்கலாம்னு."

"குழாய் என்ன, அடுத்த வருஷம் பெரிய வகுப்புக்கா போகப் போகுது?"

தையல்காரர் அந்த வளைவின்மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே நீர் ஓடும் அதிர்வு இல்லை; களகளவென்று ஒரு கொப்பளிப்பு மட்டும் இருந்தது. அந்த மேட்டில் காற்று ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. எத்தனை மழை பெய்தாலும் அதற்கடியில் ஒடுங்கிக்கொண்டுதான் நீர் போக முடியும். ஆகஸ்டிலும் இதேதான் நடந்திருக்கிறது.

வலையடியில் குழாயின் வாயைக் கழற்றி, பாறையிலிருந்து இறக்கி, நேராக நீட்டிப் பிடித்தார்கள். மிச்சம் பதினாறு அடி இருந்தது. தையல்காரர் சாக்கட்டியால் கோடு போட்டார். ஈரத்தில் அது பதியவில்லை. மனைவி ஓர் ஆணியால் கீறிக் கோடிட்டார். ரம்பம் குழாய்மேல் வந்து நின்றது, கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி.

மனைவி குடையை அவர் தலைக்கு மேலாக நகர்த்திப் பிடித்தார்.

தையல்காரர் ரம்பத்தைத் தூக்கினார். கோட்டின்மேல் வைத்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு அறுத்தார்.

குழாயின் வாயை மீண்டும் வலையடியில் மாட்டியதும், கீழே சக்கரத்தின் ஓசை மாறியது. கரண்டிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வெள்ளை வட்டமாயின. பின்னறை விளக்கில் மஞ்சள் போய்விட்டது. வெப்பமானி மெதுவாகத்தான் ஏறியது. மாலைக்குள் முப்பத்தேழரைக்கு வந்து நின்றது. தம்பி மறுபடி அழைத்தபோது தையல்காரரே எடுத்தார். "வண்டி வேணாம் மச்சான். மீசை மட்டும் வரட்டும்."

இருபத்தொன்றாம் தேதி பிற்பகலில் தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரிந்தன. கம்பத்து மின்சாரம் வந்துவிட்டது. தையல்காரர் பின்னறைக்கு விரைந்து, பிளக்கைச் சுவருக்கு மாற்றக் குனிந்தார். முட்டைகளுக்கு ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த மனைவி, ஈரக் கையாலேயே அவர் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கைய எடுங்க. அதுலயே ஓடட்டும்."

செப்டம்பர் இருபத்துமூன்று. அடை வைத்தவை அறுபது. ஓடு உடைத்து வெளிவந்தவை ஐம்பத்தொன்று.