அம்மா வழியைப் பார்க்காத டி.என்.ஏ. சோதனை

என் அம்மா தாய்லாந்தில் பிறந்தவர். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா அவரை மணந்து இலங்கையில் உள்ள நெடுங்கேணிக்குக் கூட்டி வந்தார். தாய்லாந்தில் விட்டு வந்த தங்கையைச் சாகுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில், லண்டனில் இருக்கும் அண்ணா டி.என்.ஏ. சோதனை மூலம் உறவினரைத் தேடலாம் என்றார். எங்களைக் கேட்காமல் தானே ஒரு சோதனையைத் தெரிவு செய்து, தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பினார்.

பல மாதம் காத்திருந்தோம். அப்பாவின் மூதாதையர் இலங்கை, இந்தியப் பக்கத்தவர் என்று முடிவு வந்தது. அதை எங்கள் சந்தையில் மீன் விற்பவரே சொல்லியிருப்பார். அண்ணா எடுத்தது தகப்பன் வழியை மட்டும் பார்க்கும் சோதனை. தாய் வழிக்கு வேறு சோதனை இருந்ததாம்.

“வம்சம் ஆம்பிளை வழிதானே” என்றார் தொலைபேசியில்.

“அம்மான்ர ஆக்களைத் தேடச் சொல்ல, அப்பான்ர ஆக்களையோ தேடினனீங்கள்?” என்று கத்தினேன்.

பக்கத்தில் இருந்த அம்மா மெதுவாகக் கேட்டார். “எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்களோ, பிள்ளை?”

அந்தக் கேள்விக்காக அண்ணாவை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அம்மாவின் கன்னத்தைத் தடவி, தாய்வழிச் சோதனைக்கு நானே அனுப்பிவிட்டேன். இப்போது யாராவது வம்சக் கதை கதைத்தால், “உங்களைப் பெத்தது ஆர்?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறேன்.