கம்ப்யூட்டர் நிற்கும் நேரம்

மரக்காணத்தில் எது கெட்டுப்போனாலும் குற்றவாளி ஒன்றுதான், உப்புக் காற்று. ஃபேன் சத்தம் போட்டால் உப்புக் காற்று. ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் உப்புக் காற்று. எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவர் மாமியார் வீட்டுக்கு இனி வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தபோது, அவருக்கும் உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். விசாரணையெல்லாம் கிடையாது, நேராகத் தீர்ப்புதான். அதனால் என் கம்ப்யூட்டர் தினமும் பிற்பகலில் அசையாமல் நிற்க ஆரம்பித்தபோது, காரணம் என்னவென்று வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் என் பேச்சு எடுபடவில்லை.

நான் கோட்டக்குப்பத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் துபாயில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். வீட்டில் அவர் அம்மாவான மாமியும் நானும் யுகேஜி படிக்கும் மகளும்தான். சென்னையில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அவர்கள் எழுதும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸிலும் ஓடுகிறதா, நடுவில் வந்ததிலும் ஓடுகிறதா, புதிய விண்டோஸிலும் ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். நியாயப்படி அதற்கு மூன்று கம்ப்யூட்டர் வேண்டும். கம்பெனி ஒன்றுகூடத் தருவதாக இல்லை. எனவே வீட்டுக்காரர் எப்போதோ வாங்கிப் போட்ட ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் என்னவென்று மாமி ஒருநாள் கேட்டார்.

"ஒரே வீட்டுல மூணு தனிக்குடித்தனம் மாமி. மூணு பேரும் முழு வீடும் நமக்குத்தான்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க. ஆனா அடுப்பு ஒண்ணுதான்."

"அப்புறம் சண்ட வராம எப்படிம்மா இருக்கும்?" என்றார் மாமி.

சண்டை வரத்தான் செய்தது. பிற்பகலில் கடல் காற்று எழும்பும் நேரத்துக்கு மவுஸ் அம்புக்குறி திரை நடுவில் அப்படியே நின்றுவிடும். மூலையில் இருக்கும் கடிகாரமும் நின்றுவிடும். நான் எந்தப் பட்டனைத் தட்டினாலும் அது செவிடன் மாதிரி இருக்கும். அதே நேரத்துக்குத்தான் மகளின் பள்ளி வேனும் வரும். முன்பெல்லாம் மாமிதான் போய்க் குழந்தையை இறக்குவார். கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு, நின்றுபோன திரையை முறைத்துக்கொண்டு உட்காருவானேன் என்று நானே தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய்விடுவேன். பையை வாங்கி, ஷூவைக் கழற்றி, அன்று யார் யாரைக் கிள்ளினார்கள் என்ற செய்தியைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தால், கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு வரும் கோபத்துக்கு அதைத் தூக்கி உப்பளத்தில் போட்டுவிடலாம் போலிருக்கும்.

பஜாரிலிருந்து மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றியவர், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தாங்க முடியாத துக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"பூத்துடிச்சிக்கா. பின்னெல்லாம் உப்பு பூத்துடிச்சி. கடலோரத்துல கம்ப்யூட்டர் வச்சா இதான்."

ரேம் மெமரியைப் பிடுங்கி, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் பளபளவென்று தேய்த்து மாட்டினார். மறுநாள் பிற்பகலும் கம்ப்யூட்டர் நின்றது. ஆனால் மாமிக்கு உப்பு என்ற அந்த வார்த்தை போதும். மாமனார் உயிரோடிருந்தவரை உப்பு வியாபாரம் பண்ணிய குடும்பம். மழையோ ஈரக்காற்றோ வந்தால் உப்புக் குவியலை மூடிக் கட்டுவது அவர்கள் கைப்பழக்கம். கடையிலிருந்து கெட்டியான பாலித்தீன் ஷீட் வாங்கி வந்து, மதியம் சாப்பிட்டு முடித்ததும் என் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, மேலே சணல் கயிறு கட்டிவிட்டார். நான் அவிழ்ப்பேன், அவர் கட்டுவார். காற்று போகாமல் பெட்டி சூடாகி, இரும்புக்கடை வாசனை அடித்தது. அதையும் மாமி உப்பின் வாசனை என்றார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போடும் சாம்பிராணிப் புகையில் என் மேசைக்குக் கொஞ்சம் கூடுதலான பங்கு கிடைத்தது.

துபாயிலிருந்து வீட்டுக்காரரும் இந்தக் கட்சிதான். கிடங்கில் கம்ப்யூட்டர் பழுது என்றால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு தினமும் எனக்கு வைத்தியம் சொல்வார்.

"ஜன்னல சாத்திடு. மத்தியானத்துலதானே நிக்குது? காத்து அப்பதானே வருது? நீயே யோசிச்சிப் பாரு."

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

நானும் படித்த வைத்தியங்களையெல்லாம் செய்து பார்த்தேன். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் ஒதுக்கியிருந்த மெமரியைப் பாதியாகக் குறைத்தேன். அவை நோஞ்சான் பிள்ளைகளாக இழுத்துக்கொண்டு நடந்தன. பிற்பகலில் கம்ப்யூட்டர் நின்றது. ஒரு சமயத்தில் இரண்டு மட்டும் ஓட்டினேன். நின்றது. வைரஸ் தேடினேன். ஒன்றும் இல்லை. எந்தெந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், என் மூன்று மெஷின்களும் ஓடும்போது அங்கே அதே பெயரில் நான்கு வரிகள் இருக்கும். மூன்று ஆள் வேலை செய்கிற இடத்தில் ஒரு மேஸ்திரி இருக்கத்தானே செய்வார் என்று அதைக் கடந்து போய்விட்டேன். உப்பளத்தைப் பார்த்துப் பார்த்தே குடித்தனம் நடத்துகிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இதற்குள் கம்பெனியில் பொறுமை தீர்ந்துவிட்டது. மேனேஜர் நல்ல பெண்மணிதான். நல்லவர்கள் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொன்னார்.

"அடுத்த வாரம் கஸ்டமருக்கு டெமோ இருக்கும்மா. மத்தியானம்தான். நீதான் காட்டணும். அதுலயும் ஹாங் ஆச்சுன்னா என்னால மேல பேச முடியாது. நீ சென்னை ஆபீசுக்கே வந்துடு. இல்லன்னா வேற ஆள் பாக்க வேண்டியதா இருக்கும்."

சென்னைக்குப் போவதென்றால் லேடீஸ் ஹாஸ்டல். வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வர வேண்டும். என் மகளுக்கு அத்தா ஏற்கெனவே போனுக்குள் இருக்கிறார். கண்ணாடியைத் தடவுகிற மாதிரி திரையைத் தடவி அவருக்கு முத்தம் கொடுப்பாள். இனி அம்மாவும் போனுக்குள் போய்விட வேண்டும். வேலையை விட்டால் வீடு கட்டுவதற்காக அவர் இன்னும் எத்தனை வருஷம் அங்கே கிடக்க வேண்டியிருக்குமோ. இரண்டில் எதை நினைத்தாலும் எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மாமி கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

டெமோவுக்கு முந்தின நாள், வருவது வரட்டும் என்று என் மூன்று மெஷின்களையும் மூடிவிட்டேன். வெறும் கம்ப்யூட்டர் மட்டும். காற்று வந்தது. வேன் ஹார்ன் அடித்தது. இந்த முறை நான் எழுந்து போகவில்லை, மாமியை அனுப்பினேன். அம்புக்குறி முழுசாக நிற்காமல் நொண்டியது. டாஸ்க் மேனேஜரில் மூன்று வரிகள் போய்விட்டன. மேஸ்திரி மட்டும் உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் எல்லாரும் போன பிறகும் ஒருவர் மட்டும் உட்கார்ந்து மொத்தச் சோற்றையும் தின்றுகொண்டிருந்தால் அவர் மேஸ்திரி இல்லை. உற்றுப் பார்த்தேன். அது நாலாவது விர்ச்சுவல் மெஷின். நான் போட்டதில்லை. யார் கணக்கிலிருந்து ஓடுகிறது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. என் வீட்டுக்காரரின் பெயர்.

உடனே போன் போட்டேன். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"கம்ப்யூட்டர்ல என்ன போட்டு வச்சிருக்கீங்க?"

அவருக்குப் பின்னால் யாரோ அட்டைப் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது.

"அது... கேமராவுக்கு."

போன முறை லீவில் வந்தபோது வாசலில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனார். திருட்டு பயம் என்றார். படமெல்லாம் அதற்குள்ளேயே பதிவாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பதிவாகும்தான். ஆனால் துபாயிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கேமரா கம்பெனியின் சர்வர் வழியாகப் பார்க்க வேண்டுமாம்.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க முக்காடு இல்லாமகூட நடமாடுற வாசல். அந்தப் படம் எவனோ ஒருத்தன் சர்வர்ல போயி கெடக்கணுமா? அதான் நம்ம கம்ப்யூட்டர்லயே வர்ற மாதிரி செஞ்சேன். உன் ஆபீஸ் வேலைக்கு எதுவும் ஆவக்கூடாதுன்னுதான் தனியா ஒரு மெஷின் போட்டு, அதுக்குள்ள வச்சேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனா அதுவும் ஆன் ஆயிடும்."

என் வேலைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு. சும்மா இருக்கும்போது பூனை மாதிரி படுத்திருக்கும். அவர் அங்கிருந்து படத்தைத் திறந்ததும் எழுந்து மிச்சமிருக்கும் மெமரியை எல்லாம் விழுங்கிவிடும். அவர் மூடினால் மறுபடி படுத்துக்கொள்ளும். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அப்ப தினமும் என்ன வேவு பாக்குறீங்களா?"

"இல்லம்மா. லஞ்ச் பிரேக் அப்பத்தான். புள்ள வேன்லேந்து எறங்குறத பாக்குறதுக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மொதல்ல அம்மாதான் வந்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் நீ வர ஆரம்பிச்சே. நான் தொறந்த கொஞ்ச நேரத்துல கரெக்டா நீ வெளியே வருவே. எனக்குன்னே வர்ற மாதிரி இருக்கும். சொன்னா சிரிப்பியோன்னு சொல்லல."

நான் சிரிக்கவில்லை. அவர் திறந்ததால் கம்ப்யூட்டர் நின்றது. கம்ப்யூட்டர் நின்றதால் நான் எழுந்து போனேன். நான் போனதால் அவர் தினமும் திறந்தார். இத்தனை நாளும் மனுஷன் தன் கையாலேயே என் வேலையை நிறுத்தி, என்னை வாசலுக்கு வரவழைத்து, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாயங்காலம் போனில் ஜன்னலைச் சாத்து என்று வைத்தியம் வேறு.

"ஹாங் ஆனதாலதாங்க நான் வெளியே வந்தேன்," என்றேன் கடைசியில். "கடுப்புல வந்தேன்."

"ஓ," என்றார். "மூஞ்சி கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். வெயிலுக்குன்னு நெனச்சேன்."

மறுநாள் நாலாவது மெஷினை நிறுத்திவிட்டு டெமோவுக்கு உட்கார்ந்தேன். பாலித்தீனை அவிழ்த்தேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மூன்று குடித்தனங்களும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஓடின. கஸ்டமர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டே போனேன். நடுவில் வேன் ஹார்ன் கேட்டது. மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. "அம்மா ஏன் வரல?" என்று மகள் வாசலில் கேட்பதும் கேட்டது. நான் பழைய விண்டோஸிலிருந்து புதிய விண்டோஸுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். அம்புக்குறி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "சூப்பர்மா. நீ அங்கேயே இரு," என்றார். அப்படியே மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மாமி எட்டிப் பார்த்து, நேற்று வரை மூடி வைத்திருந்ததால்தான் இன்று பிழைத்தது என்று தெரிவித்தார். நான் மறுக்கவில்லை. தெருவுக்கும் அதே செய்தி போயிற்று.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். டெமோ நல்லபடியாக முடிந்ததைச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். கொஞ்சம் விட்டு, "புள்ளைய யாரு எறக்குனது?" என்று கேட்டார். மாமி என்றேன். சரி என்றார். அந்தச் சரியில் ஒன்றுமே இல்லை. அதனால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாலாவது மெஷினை அழித்துவிடத்தான் முதலில் நினைத்திருந்தேன். அழிக்கவில்லை. அதன் மெமரியைக் குறைத்தேன், படத்தின் தரத்தைக் குறைத்தேன், ஒரு எல்லைக்கு மேல் தின்னக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டேன். இனி அவர் எத்தனை தடவை திறந்தாலும் என் வேலை நிற்காது. படம் மட்டும் கொஞ்சம் மங்கலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மறுபடி ஓட விட்டேன்.

அடுத்த நாள் பிற்பகல் காற்று எழுந்தது. வேன் ஹார்ன் அடித்தது. அம்புக்குறி நன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. மூலையில் கடிகாரமும் ஓடியது. உள்ளேயிருந்து மாமி செருப்பைத் தேடும் சத்தம் வந்தது. "நீங்க இருங்க மாமி, நான் போறேன்," என்று துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். கேட்டைத் திறக்கும் முன் தலையை நிமிர்த்தி ஒரு தடவை கேமராவைப் பார்த்தேன். முறைத்தேன் என்று சொல்ல முடியாது.

மகளின் பையை வாங்கும்போது போன் அதிர்ந்தது. "அதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டியே, அப்புறம் ஏன் வெளியே வந்தே?" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நின்றபடியே பதில் அடித்தேன்.

"உப்புக் காத்து வாங்க."